கடையில் ஆளுக்கொரு நேரம்: இரண்டு விண்டோஸ், ஒரு உபுண்டு, ஒரு டிவிஆர்

மருந்துக்கடைத் தம்பி | திங்கள்

வணக்கம் எல்லோருக்கும். திருகோணமலை மத்திய வீதிப் பக்கம் ஒரு பாமசியில் வேலை. மருந்து கொடுப்பது வேறு ஆட்கள்; கணக்கும் கணினியும் என் தலையில். கவுண்டரில் இரண்டு விண்டோஸ் கணினிகள். உள்ளே மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு பழைய டெஸ்க்டொப். அதில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் போட்டு பில் தரவுத்தளம் ஓடுகிறது. இவற்றோடு ஒரு சிசிடிவி டிவிஆர், கமராப் படத்தைப் பதிவு செய்யும் பெட்டி.

சனி இரவு மருந்து வாங்கின ஒருவர், மீதிக்காசு குறைகிறது என்று ஞாயிறு காலை வந்து நின்றார். பில்லில் நேரம் இரவு 9.05. டிவிஆரை ஓட்டிப் பார்த்தால் 9.05க்குக் கவுண்டரில் வேறு யாரோ ஒரு அம்மா நிற்கிறார். தேடித் தேடிக் கடைசியில் அந்த மனிதரை 9.24இல் பிடித்தேன். நாங்கள் கடை பூட்டுவதே 9 மணிக்கு. முதலாளி பில்லையும் பார்த்தார், திரையையும் பார்த்தார். "பூட்டின கடையிலயாடா யாவாரம் செய்தனீ?" என்று கேட்டுவிட்டுச் சுவரில் தொங்கும் மணிக்கூட்டைக் காட்டினார். அவருக்கு அது காட்டுவதுதான் நேரம்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவர என்ன மென்பொருள் போட வேண்டும்? எப்படி அமைப்பது?

சீனன்குடா ஸ்டேசன் | திங்கள்

இதுக்கு ஏன் மென்பொருள்? திங்கட்கிழமை காலையில் கைப்பேசியைப் பார்த்து நாலையும் திருத்திவிட்டால் முடிந்தது. என் கடையில் வருசக்கணக்காக அப்படித்தான்.

உவர்மலையான் | திங்கள்

தம்பி, இப்போதைக்கு ஒன்றும் நிறுவாதீர்கள், ஒன்றையும் திருத்தவும் வேண்டாம். கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றும் எவ்வளவு முந்தி, எவ்வளவு பிந்தி என்று எழுதிப் போடுங்கள். நொடியும் வேண்டும். காய்ச்சல் என்று வருகிற பிள்ளைக்கு எத்தனை கிலோ என்று கேட்காமல் பாணி மருந்து ஊற்றிக் கொடுப்பீர்களா?

மருந்துக்கடைத் தம்பி | செவ்வாய்

காலையில் எடுத்த கணக்கு. கவுண்டர் ஒன்று: 11 நிமிடம் 6 நொடி முந்தி. உபுண்டு: 4 நிமிடம் சொச்சம் பிந்தி. டிவிஆர்: சரியாக 30 நிமிடம் முந்தி, நொடியில் வித்தியாசம் இல்லை. கவுண்டர் இரண்டின் கதை வேறு. காலையில் கரண்ட் போட்டால் 2012 ஜனவரி 1 என்று நிற்கும். யாராவது கையால் திருத்துவோம். மறந்துபோன நாளில் குரோம் எந்தத் தளத்தையும் திறக்காது, "உங்கள் கடிகாரம் பின்னால் இருக்கிறது" என்று சொல்லும்.

உவர்மலையான் | செவ்வாய்

அருமை. உங்களுக்கு இருப்பது ஒரு நோய் இல்லை, மூன்று நோய்.

கவுண்டர் இரண்டுக்கு மதர்போட்டில் பற்றரி செத்துவிட்டது. சிஆர் 2032, நாணயம் மாதிரி இருக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் மணிக்கூட்டை ஓட வைப்பது அதுதான். மென்பொருள் எதுவும் அதற்கு மருந்தாகாது.

டிவிஆர் நேரத்தை ஒழுங்காக எங்கிருந்தோ வாங்குகிறது. நொடி சரியாக இருப்பதே சாட்சி. அதன் நேர வலயம் பிழை. யூடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு மேல் நமக்கு +5.30, அதில் +6 என்று கிடக்கும். போய்ப் பாருங்கள்.

கவுண்டர் ஒன்றும் உபுண்டுவும் யாரையும் கேட்காமல் தம்பாட்டுக்கு ஓடுகின்றன. கணினிக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினால் நாளுக்கு 1.7 நொடி. கொஞ்சமாகத் தெரியும். ஆனால் ஒரு வருசம் சொச்சம் யாரும் பார்க்காவிட்டால் 11 நிமிடம். சூடும் படிகத்தின் வேகத்தை மாற்றும். மருந்துப் பெட்டிக்குப் பின்னால் காற்றோட்டம் எப்படி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: இந்த இரண்டிலும் நேரத்தை யாராவது கையால் மாற்றினீர்களா?

கொட்டியாரக்கரை | செவ்வாய்

மூதூரில் கணினி திருத்துகிறவன். அண்ணை சொன்ன பட்டியலில் ஒன்றைச் சேர்க்கிறேன். பிழை சரியாக ஐந்தரை மணித்தியாலம் என்றால், ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருக்கிறதா என்று பாருங்கள். மதர்போட் மணிக்கூட்டில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் நினைக்கும். லினக்ஸ் அதை யூடிசி என்று நினைக்கும். ஒன்றை மூடி மற்றதைத் திறக்கும்போது ஐந்தரை மணி குதிக்கும். கம்பஸ் பிள்ளைகளின் லப்டொப்பில் மாதம் ஒன்றாவது இப்படி வரும். பற்றரி மாற்ற வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள், மாற்றியும் இருப்பார்கள்.

வெப்பக்கிணறு | செவ்வாய்

அந்த அரை மணித்தியாலத்தைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது பிள்ளைகளே. நீங்கள் சின்ன ஆட்கள், தெரிந்திருக்காது. 1996இல் மின்சாரப் பஞ்சம் என்று மே மாதம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் குறைத்தார்கள். அப்படியே பத்து வருசம் +6இல் ஓடி, 2006 சித்திரையில்தான் பழையபடி +5.30க்கு வந்தோம். அந்தக் காலம் முழுக்கப் புலிகளின் பகுதியில் பழைய நேரம்தான். சம்பூர்ப் பக்கத்து ஆள் கையில் ஒரு நேரம், ரவுண் ஆள் கையில் ஒரு நேரம். கலியாண வீட்டு அழைப்பிதழ் வந்தால் முகூர்த்தம் பழைய நேரமோ புது நேரமோ என்று கேட்டுத்தான் வெளிக்கிடுவோம். ஐயர் பஞ்சாங்கத்தைப் பழைய நேரத்தில் பார்ப்பார், மண்டபக்காரர் வாடகையைப் புது நேரத்தில் கணக்குப் பார்ப்பார்.

டிவிஆர் இன்னும் புது நேரத்திலேயே இருக்கிறது போல.

உவர்மலையான் | செவ்வாய்

ஐயா சொன்னது பகிடி மட்டும் இல்லை, அதுதான் உண்மைக் காரணம். விண்டோஸ் எக்ஸ்பியின் பழைய பட்டியலில் ஸ்ரீ ஜயவர்தனபுர என்ற பெயருக்கு எதிரே +6 என்றே இருந்தது. பிறகு வந்த இற்றைப்படுத்தலில்தான் மாறியது. பழைய பட்டியலைக் கொப்பி பண்ணி வைத்திருக்கும் கருவிகள் இன்னும் இருக்கின்றன. உபுண்டுவில் வலயத்தின் பெயர் ஏசியா/கொழும்பு. அந்தக் கோப்பில் 1996, 2006 மாற்றங்கள் எல்லாம் எழுதியிருக்கும். என்டிபி என்பது கணினிகள் வலையமைப்பு வழியாக நேரம் கேட்டு வாங்கும் முறை. அதன் வழியாக வருவது யூடிசி மட்டும். அதை நம் ஊர் நேரமாக்குவது கருவியின் பொறுப்பு. அதனால் நேர வலயப் பிழையை என்டிபி ஒருபோதும் திருத்தாது.

மருந்துக்கடைத் தம்பி | செவ்வாய்

டிவிஆரில் +6 தான் இருந்தது. பட்டியலில் +5.30ஐத் தெரிவு செய்தேன், சரியாகிவிட்டது. நன்றி ஐயா.

கையால் மாற்றினோமா என்று கேட்டீர்கள். ஓம். எனக்கு முன்பு வேலை செய்தவர் மாற்றியிருக்கிறார். கவுண்டர் ஒன்றில் "தானாக நேரத்தை அமை" என்ற பொத்தான் அணைந்து கிடக்கிறது.

உவர்மலையான் | செவ்வாய்

நினைத்தேன். உபுண்டுவில் டைம்டேட்சிடிஎல் என்று அடித்துப் பாருங்கள், அங்கேயும் என்டிபி சேர்விஸ் இன்அக்டிவ் என்று காட்டும். தானியங்கி ஒத்திசைவு ஓடிக்கொண்டிருந்தால் கையால் நேரம் மாற்ற அது விடாது. அதனால் மனிதர் அதை அணைத்துவிட்டுத் திருத்தியிருப்பார், திரும்பப் போட மறந்திருப்பார். சீனன்குடா அண்ணை குறை நினைக்காதீர்கள், கையால் திருத்தினதில் இருந்துதான் இந்த வில்லங்கமே தொடங்கியிருக்கிறது.

சீனன்குடா ஸ்டேசன் | செவ்வாய்

குறை நினைக்கவில்லை. ஆனால் அந்தப் பொத்தானைத் திரும்பப் போட்டால் போதுமே, பிறகேன் மென்பொருள் என்று கேட்கிறேன்.

உவர்மலையான் | புதன்

நியாயமான கேள்வி. ஒரு கணினி மட்டும் இருந்தால் அதுவே போதும். உபுண்டு 22.04 உடன் வரும் டைம்சிங்க்டி நேரம் கொடுக்கும் சேவர்களில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கேட்டுத் தன் மணிக்கூட்டைத் திருத்தும், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு நேரம் கொடுக்காது. தம்பிக்கு வேண்டியது நாலு கருவியும் தங்களுக்குள் ஒத்துப்போவது. இணையம் அறுந்தாலும் ஒத்துப்போக வேண்டும். அதற்கு உபுண்டு வெளியே கேட்டு வர, மற்ற மூன்றும் அதைக் கேட்க வேண்டும். குரோனி என்ற மென்பொருள் அதற்குத்தான்.

கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

நிறுவ: சூடோ ஆப்ட் இன்ஸ்டோல் குரோனி. பழைய டைம்சிங்க்டி தானாகக் கழன்றுவிடும். இரண்டு பேர் ஒரே முள்ளைப் பிடித்துத் திருப்பக் கூடாது, அதனால் பயப்படாமல் ஆம் சொல்லுங்கள்.

அமைப்புக் கோப்பு ஈடிசி அடைவில் குரோனி அடைவுக்குள் குரோனி டொட் கொன்ஃப். உபுண்டுவின் சொந்த சேவர் வரிகள் அதில் ஏற்கனவே இருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். அவற்றோடு "பூல்" என்று தொடங்கி ஆசியா என்டிபி பூல் என்ற பொது நேர சேவர் கூட்டத்தின் முகவரியையும், வரி முடிவில் "ஐபேர்ஸ்ட்" என்பதையும் சேருங்கள். ஐபேர்ஸ்ட் இருந்தால் தொடக்கத்தில் அடுத்தடுத்துக் கேட்டுச் சில நொடிகளில் நேரம் பிடிக்கும்.

"மேக்ஸ்டெப் 1 3" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். தொடங்கி முதல் மூன்று திருத்தங்களுக்குள் பிழை ஒரு நொடிக்கு மேல் இருந்தால் ஒரேயடியாகக் குதித்துத் திருத்து என்று அர்த்தம். அதற்குப் பிறகு குதிக்காது. மணிக்கூட்டைக் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடவிட்டுச் சமப்படுத்தும்.

மற்றவர்களுக்குக் கொடுக்க: "அலவ்" போட்டு உங்கள் கடை வலையமைப்பு, 192.168.1.0/24 என்று வைத்துக்கொள்வோம். இணையம் போனாலும் கொடுக்க: "லோக்கல் ஸ்ட்ராட்டம் 10".

பிறகு குரோனி சேர்விஸை ரீஸ்டார்ட் பண்ணுங்கள். கடை பூட்டின பிறகு செய்யுங்கள் தம்பி. உபுண்டு பிந்தி இருப்பதால் நேரம் முன்னுக்குத்தான் குதிக்கும், சேதம் இல்லை. கவுண்டர் ஒன்று 11 நிமிடம் பின்னுக்குப் போகும். யாவாரம் நடக்கும்போது அப்படிப் போனால் பின்னால் அடித்த பில் முன்னால் அடித்தது மாதிரி நிற்கும், முதலாளி திரும்பவும் கேட்பார்.

கொட்டியாரக்கரை | புதன்

ஏன் குதிக்க வேண்டும், மெதுவாகவே திருத்தலாமே?

உவர்மலையான் | புதன்

திருத்தலாம், கணக்குப் பாருங்கள். இதே வேலை செய்யும் பழைய மென்பொருள் என்டிபிடி மெதுவாகத் திருத்தினால் 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு), அதாவது ஒரு நொடியைத் திருத்த 2000 நொடி எடுக்கும். 11 நிமிடத்துக்குப் பதினைந்து நாள். குரோனியின் எல்லை கிட்டத்தட்ட 83,000 பிபிஎம், அதே 11 நிமிடம் இரண்டேகால் மணித்தியாலத்துக்குள் முடியும். இன்னொன்று, 1000 நொடிக்கு மேல் பிழை கண்டால் என்டிபிடி "என்னால் ஏலாது" என்று தானே மூடிக்கொள்ளும், தொடக்கும் கட்டளையோடு ஜி என்ற குறியைச் சேர்க்காவிட்டால். அடிக்கடி கரண்ட் போய் வரும் ஊருக்குக் குரோனி நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். என்டிபியை உருவாக்கிய டேவிட் மில்ஸ் மேல் எனக்கு மரியாதை குறைவில்லை; 1985இல் அவர் எழுதி வைத்த அந்த முறையைத்தான் குரோனியும் பேசுகிறது. மனிதர் 2024 ஜனவரியில் காலமானார்.

நிலாவெளிக்காரி | புதன்

நடுவில் ஒரு கேள்வி. எங்கள் விருந்தினர் விடுதியில் ராஸ்பெரி பை 4 ஒன்று வைஃபை கணக்குப் பார்க்கிறது. கரண்ட் போய் வந்தால் சில நிமிடம் பழைய நேரத்திலேயே நிற்கிறது. அதற்கும் பற்றரியா?

உவர்மலையான் | புதன்

அதில் மணிக்கூடே இல்லை அக்கா, பற்றரி எங்கே போட? பை 5இல் தான் மணிக்கூடு வந்தது. கடைசியாகத் தெரிந்த நேரத்தை ஒரு கோப்பில் எழுதி வைத்து அங்கிருந்து தொடங்கும், இணையம் கிடைத்ததும் திருந்தும். அது தொல்லை என்றால் டிஎஸ் 3231 என்ற சின்னப் பலகை வாங்கிப் பின்களில் செருகுங்கள். அதன் படிகம் வெப்பத்துக்கு ஈடுகட்டிக்கொள்ளும், பத்து லட்சத்தில் 2 பங்குதான் பிசகும்.

மருந்துக்கடைத் தம்பி | வியாழன்

நேற்று இரவு 9.20க்கு இருந்து செய்தேன். உபுண்டு சரி. குரோனிசி சோர்சஸ் என்று அடித்தால் பத்துக்குக் கிட்ட வரிகள் வருகின்றன. ஒன்றுக்கு முன்னால் தொப்பியும் நட்சத்திரமும், சிலவற்றுக்குக் கூட்டல் குறி, இரண்டுக்குக் கழித்தல் குறி. ரீச் என்ற இடத்தில் முதலில் 1, பிறகு 3, 7, 17, 37 என்று ஏறுகிறது. இது நல்லதா கெட்டதா?

கவுண்டர் ஒன்றுதான் மல்லுக்கு நிற்கிறது. உபுண்டுவின் முகவரியைக் கொடுத்துவிட்டு, உடனே ஒத்திசை என்று சொல்லும் டபிள்யூ32டிஎம் ரீசிங்க் கட்டளையை அடித்தால் "நேரத் தரவு கிடைக்கவில்லை, ஒத்திசைக்கவில்லை" என்கிறது.

உவர்மலையான் | வியாழன்

நல்லது. நட்சத்திரம் இப்போது பின்பற்றும் சேவர், கூட்டல் அதோடு சேர்த்து எடுக்கும் சேவர், கழித்தல் இப்போதைக்கு ஒதுக்கி வைத்தது. எக்ஸ் என்று வந்தால் அது பொய் சொல்கிறது என்று குரோனி முடிவு கட்டிவிட்டது. ரீச் எட்டடிமான எண், கடைசி எட்டுக் கேள்விகளுக்கு எத்தனை பதில் வந்தது என்பதன் கணக்கு. 377 வந்தால் எட்டும் வந்தது.

கொட்டியாரக்கரை | வியாழன்

கேட்க மறந்தேன், ஏன் இத்தனை சேவர்? ஒன்று போதாதா?

உவர்மலையான் | வியாழன்

ஒன்று பொய் சொன்னால் நீங்களும் பொய். இரண்டு வைத்து அவை முரண்பட்டால் எது பிழை என்று தெரியாது. மூன்று இருந்தால் இரண்டு பேர் சேர்ந்து ஒருவரைப் பிடிக்கலாம். நாலு என்றால் ஒன்று படுத்தாலும் மூன்று மிஞ்சும். அதற்கு மேல் இருப்பது உங்கள் விருப்பம்.

தம்பி, உபுண்டுவில் வெளியே இருந்து வரும் தொடர்புகளைத் தடுக்கும் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வோல் ஓடுகிறதா? என்டிபி வருவது யூடிபி 123 வாசலால். அதைக் கடை வலையமைப்புக்கு மட்டும் திறந்துவிடுங்கள். வெளியே திறக்க வேண்டாம்.

மருந்துக்கடைத் தம்பி | வியாழன்

ஃபயர்வோல்தான்! திறந்ததும் கவுண்டர் ஒன்று ஒரே அடியில் 11 நிமிடம் இறங்கியது. ஆனால் கவுண்டர் இரண்டு அசையவே இல்லை. அதே முகவரி, அதே கட்டளை. இன்றைக்குக் கரண்ட் போட்டதில் இருந்து அது இன்னும் 2012இல் தான் நிற்கிறது.

கொட்டியாரக்கரை | வியாழன்

இது என் பக்கம், நான் சொல்கிறேன். தனியாக நிற்கும் விண்டோஸ் கணினி, வந்த நேரத்துக்கும் தன் நேரத்துக்கும் 54,000 நொடிக்கு மேல், அதாவது 15 மணித்தியாலத்துக்கு மேல் வித்தியாசம் கண்டால் நம்பாது. விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டில் அப்படி ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். உங்களுடையது வருசக்கணக்கு. அதனால் முதலில் பற்றரியை மாற்றுங்கள், ஒரே ஒரு தரம் கையால் திகதியையும் நேரத்தையும் கிட்டத்தட்டச் சரியாக வையுங்கள், பிறகு ரீசிங்க். சேர்விஸ் பட்டியலில் விண்டோஸ் டைமை ஓட்டோமெற்றிக் ஆக்கிவிடுங்கள். டொமைன் என்ற நிறுவன வலையமைப்பில் சேராத கணினிகளில் அது தேவைப்படும்போது மட்டும் எழும்பும், எழும்பாமல் படுத்தும் இருக்கும்.

பற்றரி மாற்றும்போது வயரைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள். கூட்டல் என்று எழுதியிருக்கும் பக்கம் மேலே.

சீனன்குடா ஸ்டேசன் | வியாழன்

ஆக, கையால் திருத்தத்தானே வேண்டியிருக்கிறது?

கொட்டியாரக்கரை | வியாழன்

ஒரு தரம் அண்ணை. ஒரே ஒரு தரம்.

வெப்பக்கிணறு | வெள்ளி

அரசாங்கத்துக்கென்று ஒரு மணிக்கூடு இருக்கிறதா, அல்லது எல்லாம் வெளிநாட்டு நேரமா?

உவர்மலையான் | வெள்ளி

இருக்கிறது ஐயா. இலங்கை நியம நேரத்தை வைத்திருப்பது அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம். தராசுக்கு முத்திரை குத்துகிற அதே திணைக்களம்தான்.

மருந்துக்கடைத் தம்பி | அடுத்த வியாழன்

ஒரு கிழமை ஓடவிட்டுப் பார்த்து எழுதுகிறேன். இரண்டு கவுண்டரிலும் ஒரே நேரத்தில் ஒரு சோதனைப் பில் அடித்தோம், நான் ஒன்று, மற்றப் பிள்ளை ஒன்று, ஒன்று இரண்டு மூன்று சொல்லி. இரண்டிலும் 7.41.08. டிவிஆருக்கும் உபுண்டுவின் முகவரியையே கொடுத்தேன், படத்தில் நாங்கள் இருவரும் பொத்தான் அழுத்துவது 7.41.08இல் தெரிகிறது. ஞாயிறு பின்னேரம் இணையம் இரண்டு மணித்தியாலம் இல்லை, நாலும் பிரியவில்லை. குரோனிசி டிராக்கிங்கில் ரீச் எங்கே என்று தேடினேன், அது சோர்சஸில்தான் வருமாம், அங்கே எல்லாம் 377. டிராக்கிங்கில் உபுண்டுவின் படிகம் 17 பிபிஎம் பிந்தி ஓடுகிறது என்று போட்டிருக்கிறது, பெட்டிகளைத் தள்ளி வைத்த பிறகும்.

முதலாளியைக் கூட்டி வந்து காட்டினேன். இரண்டு பில்லையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், டிவிஆரைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். "எல்லாத்தையும் அஞ்சு நிமிசம் பிந்தி வச்சிருக்கிறாய்" என்றார்.

விசாரித்ததில், பிள்ளைகள் காலையில் நேரத்துக்கு வர வேண்டும் என்று அவரே தன் கையால் ஐந்து நிமிடம் கூட்டி வைத்த மணிக்கூடாம் அது.

உவர்மலையான் | அடுத்த வியாழன்

அதைத் தொடாதீர்கள் தம்பி.